ஐந்து குண்டு, ஓர் ஓட்டை

போட்டிக்கென்றே செய்த உயர்விலை ஏர் பிஸ்டலை வாங்கினால், பெட்டிக்குள் துப்பாக்கியோடு ஒரு சின்ன அட்டையும் இருக்கும். தொழிற்சாலையிலேயே அந்தத் துப்பாக்கியை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கி, பத்து மீட்டர் தள்ளி வைத்த இலக்கில் சுட்டுப் பார்த்த அட்டை அது. பெரும்பாலும் ஐந்து குண்டு. ஆனால் அட்டையில் ஐந்து ஓட்டை இருக்காது, ஒன்றுதான் இருக்கும். முதன்முதலாக அப்படி ஓர் அட்டை என் கைக்கு வந்தபோது சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வட்டம் லேசாக நசுங்கினாற்போல, ஒரு பக்கம் விளிம்பு பிசிறடித்திருந்தது. மற்ற நான்கு குண்டுகளும் அந்தப் பிசிறுக்குள்தான் ஒளிந்திருந்தன.

ஆஸ்திரியாவின் ஸ்டேயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்தீனி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவைதான் இந்த வரிசையின் பெரிய பெயர்கள். இவற்றின் உயர்தர மாடல் நம் ஊரில் கைக்கு வரும்போது ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த அட்டையைப் பார்ப்பவர் யாருக்கும் இவ்வளவு பணமும் அந்த ஒற்றை ஓட்டைக்குத்தான் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பைகால் என்ற பெயரில் வந்த ரஷ்யத் துப்பாக்கி ஒன்றைப் பழகிப் பார்க்கும் வரை அந்த எண்ணம் மாறவில்லை.

இஷெவ்ஸ்க் நகரத்தில் செய்த இஷ்-46எம் அது. மேற்கு ஐரோப்பியத் துப்பாக்கிகளின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பல நாடுகளில் விற்றது. பார்வைக்கு அழகு என்று சொல்ல முடியாது. கைப்பிடி முரட்டுக் கட்டை மாதிரி இருக்கும். குழலுக்குக் கீழே நீளமான நெம்புகோல் ஒன்று. அதை முன்பக்கமாகத் திறந்து இழுத்தால் உள்ளே காற்று நிறையும், மூடும்போது அந்தக் காற்று அழுந்தும். ஒரே அழுத்தம், ஒரே குண்டு. ஆனால் குழல் அருமையான குழல். கடினமான அச்சுக்கம்பி ஒன்றின் மேல் இரும்புக் குழாயை மாட்டி, சூடுபடுத்தாமலே சுற்றிலும் சம்மட்டி அடித்துச் செய்வது. அந்த அடியிலேயே உட்புறத்துப் புரிகள் பதிந்துவிடும். வைஸில் இறுக்கிச் சுட்டால் இந்த முரட்டுத் துப்பாக்கியும் ஒற்றை ஓட்டையைத்தான் போடுகிறது. ஸ்டேயரின் ஓட்டையையும் இதன் ஓட்டையையும் பக்கத்தில் வைத்தால், எது எதனுடையது என்று சொல்ல நல்ல கண் வேண்டும்.

இதன் அருமை தெரிய இலக்கு அட்டையின் அளவுகள் தெரிய வேண்டும். பத்து மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் பக்கத்துக்கு 8 மி.மீ. தள்ளிப் போகும். குண்டு கோட்டைத் தொட்டாலே உள்வளையக் கணக்கு என்பதால், குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்துதான். தகுதிச் சுற்றில் பிஸ்டல்காரர்களுக்கு முழு எண்ணில்தான் புள்ளி. அந்தக் கணக்கில் ஐந்து குண்டையும் ஒரு மி.மீ.க்குள் போடும் துப்பாக்கியும் நான்கு மி.மீ.க்குள் போடும் துப்பாக்கியும் ஒன்றே. இரண்டும் பத்துக்குப் பத்து வாங்கும், பிடித்திருப்பது வைஸாக இருக்கும் வரை.

அப்படியானால் மிச்சப் பணம் எங்கே போயிற்று? அதைத் தேடிப் போவதுதான் இந்தத் துப்பாக்கிகளைப் பார்ப்பதில் உள்ள சுகம். அது குழலுக்குள் போகவில்லை. குழலுக்கும் மனிதக் கைக்கும் நடுவே உள்ள இடத்தில் கரைந்திருக்கிறது.

விசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் அதிலேதான் அதிகம் நிற்கிறது. பத்து மீட்டர் பிஸ்டலின் விசை 500 கிராமுக்குக் குறைந்த எடையில் விழக்கூடாது என்பது விதி. போட்டிக்கு முன் சோதனை மேசையில் துப்பாக்கியை வாய் மேல்நோக்கி நிறுத்தி, 500 கிராம் எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்குவார்கள். கல் தரையை விட்டு எழும்ப வேண்டும், விசை விழக்கூடாது. ஆக, விலை எதுவானாலும் எடை ஒன்றுதான். அந்த 500 கிராமை விரலுக்கு எப்படிப் பரிமாறுவது என்பதில்தான் வேலைப்பாடு இருக்கிறது. நல்ல விசைக்கு இரண்டு படி உண்டு. முதல் படியில் விரல் சீராக உள்ளே போய் ஒரு சுவரில் முட்டி நிற்கும். அதற்குள் 400 கிராம் செலவாகிவிடும்படி திருகுகளைச் சரிசெய்யலாம். மிச்சம் 100 கிராம். அந்தச் சுவரில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பிறகு நினைத்தால் போதும், நழுவிவிடும். உரசலும் நெரிசலும் இராது. விசை விழுந்த பிறகு விரல் மேலும் ஓடாதபடி பின்னால் ஒரு தடுப்பும் இருக்கும். இந்த மூன்றுக்கும் தனித்தனித் திருகு. ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் விரலுக்கு வேறு துப்பாக்கி.

ரஷ்யத் துப்பாக்கியிலும் இந்தத் திருகுகள் உண்டு. அதன் விசை மட்டமில்லை, அந்த விலைக்கு அதை நான் மனதாரப் புகழ்வேன். ஆனால் சுவரைத் தாண்டும் இடத்தில் மணல் ஒன்றிரண்டு அகப்பட்டதுபோல் ஒரு சிறு நெருடல் தெரியும். அதற்குப் பெரிய அளவு ஒன்றும் கிடையாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நெருடலை விரல் உணர்ந்த கணத்தில் மணிக்கட்டு இறுகுகிறது. அந்த இறுக்கம்தான் ஒன்பதாம் வளையத்தில் போய் விழுகிறது. மொரினியின் சிஎம் 162இஐ மாடலில் இந்த உலோக உரசலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். விசை ஒரு மின்தொடர்பை மூடும், மின்காந்தம் காற்றடைப்பைத் திறக்கும். ஆயிரமாவது இழுப்பும் முதல் இழுப்புப் போலவே இருக்கும்.

அடுத்தது உதைப்பு. காற்றுத் துப்பாக்கிக்கு உதைப்பு ஏது என்று கேட்கலாம். ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளும் பழைய வகையில் அது நன்றாகவே உண்டு. வால்தர் எல்பி53 அந்த வகை. அதைப் பெயரால் தெரியாதவர்களும் படத்தில் பார்த்திருப்பார்கள். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தின் விளம்பரப் புகைப்படங்களில் ஷான் கானரி கன்னத்தோரம் நிமிர்த்திப் பிடித்திருக்கும் அந்த நீளக் குழல் துப்பாக்கி அதுதான். ஜேம்ஸ் பாண்டின் சின்னத் துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டதால், புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தம்முடைய சொந்த ஏர் பிஸ்டலைக் கொடுத்துப் படம் எடுத்தார்.

அந்த ஸ்பிரிங் உதைப்பை ஃபைன்வெர்க்பாவ் 65 தீர்த்த விதம் இன்னும் எனக்கு வியப்புத்தான். ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் மவுசர் ஆலையின் முன்னாள் பொறியாளர்கள் இருவர் தொடங்கிய நிறுவனம் அது. சுடும் கணத்தில் குழலும் பிஸ்டன் அறையும் ஒன்றாகத் தண்டவாளத்தில் வழுக்குவதுபோல் பின்னால் நகர்ந்துகொள்ளும். கைப்பிடி அப்படியே நிற்கும். உதைப்பு நடக்கிறது, ஆனால் கைக்கு வந்து சேர்வதில்லை. 1960களில் தோன்றி இன்றும் பல கிளப்புகளில் உழைத்துக்கொண்டிருக்கும் துப்பாக்கி.

இப்போதைய உயர்விலைத் துப்பாக்கிகளில் பிஸ்டனே இல்லை. சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த உருளை குழலுக்குக் கீழே இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவுக் காற்றை அளந்து தருவது நடுவிலுள்ள சீராக்கி. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டரில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. ஈயக்குண்டின் எடையோ அரை கிராம். அது பின்னோக்கித் தள்ளும் தள்ளல் எவ்வளவு இருந்துவிடும்? ஸ்டேயர் எல்பி10 அதையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே சின்ன எடை ஒன்று, சுடும் கணத்தில் எதிர்த்திசையில் நகர்ந்து அந்தத் தள்ளலை ஈடுகட்டும். குழலின் மேற்புறம் சில சிறு துளைகள், குண்டு வாயை விட்டு வெளியேறுமுன்பே காற்றை மேல்நோக்கி விட்டு மூக்கு தூக்காமல் அமுக்கும். சுட்ட பிறகும் குழல் நுனியிலுள்ள முன்குறி இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது, சுட்டோமா இல்லையா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிறது.

ரஷ்யத் துப்பாக்கிக்கும் உதைப்பு இல்லை, பிஸ்டன் முன்கூட்டியே ஓடி முடித்துவிடுவதால். ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு. போட்டியில் அறுபது குண்டு, அதற்கு முன் பழகு குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த நெம்புகோலை இழுத்து மூட வேண்டும். முதல் இருபதில் ஒன்றும் தெரியாது. நாற்பதைத் தாண்டும்போது தோளில் ஒரு கனம் ஏறும். ஐம்பத்தைந்தாவது குண்டில் முன்குறி நடுங்குவதற்குக் காரணம் குழல் இல்லை, ஐம்பத்து நான்கு தடவை மூடிய நெம்புகோல். வைஸ் களைப்படைவதில்லை என்பதால் அட்டையில் இது வராது.

கைப்பிடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் மரவேலைக்குச் செய்யும் துரோகம். மொரினி நிறுவனத்தின் பெயர் முதலில் பரவியதே கைப்பிடிகளால்தான். நல்ல கைப்பிடி வால்நட் மரத்தில், உள்ளங்கையின் மேடு பள்ளம் பார்த்துச் செதுக்கியது. மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கும், வேர்த்த கை வழுக்காமலிருக்க. அடியில் உள்ளங்கை அமர ஒரு தட்டு, மேலும் கீழும் ஏற்றி இறக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கி, நேரே நீட்டி, கண்ணைத் திறந்தால் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் தானாகவே நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கைப்பிடி சரியில்லை. அரத்தை எடுத்து ராவ வேண்டியதுதான். லட்ச ரூபாய்த் துப்பாக்கியின் கைப்பிடியைக்கூடச் சுடுபவர்கள் அரத்தால் ராவி, மரப்புட்டி அப்பி, காயவைத்து மறுபடி ராவுவதைப் பார்த்தால் வெளியாள் பதறிப்போவார். இந்த வேலையை மலிவுத் துப்பாக்கியிலும் செய்யலாம். சொல்லப்போனால், அந்த ரஷ்யக் கட்டையை இதற்காகவே பெரிதாக விட்டுவைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும். செதுக்கிக் குறைப்பதற்கு அதில் நிறைய மரம் இருக்கிறது.

இத்தனை அக்கறையும் எதற்கு என்பதைக் குறிகளின் கணக்கு சொல்லும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் சுமார் 32 செ.மீ. இலக்கு பத்து மீட்டர் தள்ளி. முன்குறி பின்குறிப் பள்ளத்துக்குள் கால் மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கினால் குண்டு ஏறக்குறைய 8 மி.மீ. ஒதுங்கும். அதாவது ஒரு முழு வளையம். ஆனால் கை முழுவதும், குறிகள் கலையாமல், மூன்று மி.மீ. இடம்பெயர்ந்தால் குண்டும் மூன்று மி.மீ.தான் இடம்பெயரும். கை ஆடலாம், மணிக்கட்டு முறியக்கூடாது. விசையின் நெருடலும் கைப்பிடியின் பொருந்தாமையும் கெடுப்பது சரியாக அந்தக் கால் மி.மீட்டரை. பின்குறியின் திருகிலும் விலை தெரியும். உயர்ந்ததில் ஒரு ‘கிளிக்’ திருப்பினால் குண்டு சொன்ன தூரம் நகரும், எதிர்ப்பக்கம் திருப்பினால் அதே தூரம் திரும்பும். மலிந்ததில் மரை ஆட்டம் இருக்கும். முதல் கிளிக் அந்த ஆட்டத்தைத் தின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

இறுதிச் சுற்றுக்குப் போனால் அளவுகோல் இன்னும் இறுகும். அங்கே புள்ளி பின்னத்தில். ஒரு வளையத்தின் 8 மி.மீ.யைப் பத்தாகப் பிரித்தால் 0.1 புள்ளிக்கு 0.8 மி.மீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளியோடு வெண்கலம் பெற்றபோது, அவருக்கு மேலே நின்ற கொரியாவின் கிம் யெ-ஜியிடம் 221.8 இருந்தது. இருபத்திரண்டு குண்டுகளின் கூட்டலில் 0.8 மி.மீ. அரிசியின் கனம்கூட இல்லை. இந்த இடத்தில்தான் ஒரு மி.மீ.க்கும் நான்கு மி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்துக்கு உயிர் வருகிறது. அந்த உயரத்தில் நிற்பவர்களுக்குக் குழலுக்குக் கொடுத்த பணமும் வீணில்லை. குண்டுகளைக்கூட அவர்கள் டப்பா டப்பாவாகச் சோதித்துத்தான் வாங்குவார்கள். தலை 4.49 மி.மீ.யா 4.50 மி.மீ.யா என்பது டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று ஒத்துப்போகும்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வந்தால் விலையும் துல்லியமும் கைகோக்கும் விதமே வேறு. 1949இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து சவுத்போர்ட்டில், 50,000 டாலர் முதலில் பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் தொடங்கிய பட்டறையிலிருந்து .22 பிஸ்டல் ஒன்று வந்தது. விலை 37 டாலர் 50 சென்ட். கைப்பிடிச் சட்டத்தை இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, நடுவில் பற்றவைத்துச் செய்தார்கள். சிப்பியின் இரண்டு ஓடு மாதிரி. சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். ஆனால் குழலை அசையாத உருளை உடலில் திருகி நிரந்தரமாக இறுக்கிவிட்டார்கள். இரண்டு குறிகளும் அதே உடம்பில். சுடும்போது உள்ளே ஒரு சின்ன உருளை மட்டும் முன்னும் பின்னும் ஓடும். குழலும் குறியும் ஒன்றையொன்று பிரிவதே இல்லை. இந்த ஒரே காரணத்தால் அந்த மலிவுத் துப்பாக்கி இலக்குப் போட்டிகளில் நின்று விளையாடியது.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 பிஸ்டல் அப்படியல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் அதன் குழல் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து, மேலே முன்னும் பின்னும் ஓடும் மேலுறையிலிருந்து விடுபட்டு, மறுபடி எழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். எழுந்த குழல் போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் துல்லியம். ராணுவத்துக்குச் செய்தபோது சேறும் மணலும் புகுந்தாலும் ஓட வேண்டுமென்று பாகங்களுக்கிடையே ஆட்டம் விட்டிருந்தார்கள். போட்டிக்காரர்களுக்கு அந்த ஆட்டம் ஆகாது. பட்டறைக்காரர் மேலுறையின் ஓட்டத்தடங்களைச் சுத்தியால் தட்டி இறுக்கி, அரைப்பு மாவு தடவி, மணிக்கணக்கில் கையால் முன்னும் பின்னும் இழுத்து உரசி, எண்ணெயில் நழுவுகிற இசைவுக்குக் கொண்டுவருவார். குழலின் முன்வளையத்தைத் தனியாகக் கடைந்து பொருத்துவார். சாதா 1911க்கும் அப்படிப் பொருத்திய 1911க்கும் விலை பல மடங்கு. இங்கே கொடுக்கும் காசு நேரடியாக அட்டையில் தெரியும்.

அந்த இசைவை ஆலையிலேயே கொடுத்தவர்கள் சுவிஸ்காரர்கள். ரைன் அருவிக்குப் பக்கத்தில் நொய்ஹவுசனில், 1853இல் ரயில் பெட்டி செய்யத் தொடங்கிய சிக் நிறுவனம், 1949இல் தன் நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்த பி210. மற்றப் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் மேலுறை சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். இதில் சட்டம் மேலுறையைக் கவ்வும், நீளம் முழுவதும் வெளியிலிருந்து தாங்கும். கையால் இழுத்துப் பார்த்தால் இரும்பு இரும்பின் மேல் ஓடுவதாகவே தோன்றாது. ஐம்பது மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டையோடு விற்றார்கள், குண்டுகள் உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை. படைவீரன் இடுப்பில் தொங்கும் துப்பாக்கிக்கு இந்தத் துல்லியம் தேவையா என்று யாரும் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு நான் நன்றியுடையவன்.

என் தீர்ப்பு இதுதான்: காற்றுத் துப்பாக்கியில் மலிந்த விலையிலேயே குழலின் துல்லியம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது, மேலே கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சுடுபவரின் பிழையைக் கூட்டாமல் இருப்பதற்கு. பிள்ளைக்கு முதல் பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் வரும் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சுடுதளத்தில், பிள்ளையின் கையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் கொடுத்து, குண்டு போடாமல் வெள்ளைச் சுவரை நோக்கி இருபது தடவை விசையை இழுக்கச் சொல்லுங்கள். எதில் விசை விழும்போது முன்குறி அசையாமல் நிற்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும். அதை வாங்குங்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு நல்ல குண்டும் ஓர் அரமும் வாங்கிக்கொள்ளலாம்.